சட்டியிலே இருந்தது, அகப்பை யார் கையிலே?

பட்டிமன்றத் தலைப்பு: வாழ்க்கையில் ஒருவரை உயர்த்துவது திறமையா? வாய்ப்பா?
‘வாய்ப்பே!’ என்ற அணியில் நிகழ்த்திய உரை

     

எதிரணித் தலைவர் பேசும்போது ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டுட்டுப் போனார். ‘சட்டியிலே இருந்தாத்தான் அகப்பையிலே வரும்’னார். நீங்களும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். பழமொழி நல்ல பழமொழிதானே! ஆனா ஐயா, நான் ஒண்ணு கேக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியிலே உக்காந்திருக்கோம். சட்டி நிறைய சாம்பார் இருக்கு. மணக்குது. ஆனா அகப்பை யார் கையிலே இருக்கு? பரிமாறுறவர் கையிலே இருக்கு. அவரு நம்ம வரிசையைப் பாத்ததும் அப்படியே திரும்பி அடுத்த வரிசைக்குப் போயிட்டார்னா, சட்டியிலே இருந்து என்ன புண்ணியம்? இலையிலே வெறும் சோறுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

திறமை என்பது சட்டி. வாய்ப்பு என்பது அகப்பை. நான் சட்டியைக் குறை சொல்ல வரலை. அகப்பை யார் கையிலே இருக்குன்னு கேக்க வந்திருக்கேன்.

எங்க அணியிலே இலக்கியத்திலேருந்து சொன்னாங்க, புராணத்திலேருந்து சொன்னாங்க. நான் விளையாட்டு மைதானத்துக்குப் போறேன். ஏன்னா, எதிரணியிலே ஒரு நண்பர் சொன்னார்: ‘மத்த இடத்திலே சிபாரிசு நடக்கும், விளையாட்டிலே நடக்காது. அங்கே பந்து பேசும், மட்டை பேசும், திறமை மட்டும்தான் ஜெயிக்கும்’னார். சரிங்க, அந்த மைதானத்துக்கே போவோம்.

அமெரிக்காவிலே பேஸ்பால்னு ஒரு விளையாட்டு. அங்கே அது ஒரு மதம் மாதிரி. ஒருத்தர் பந்தை வீசுவார். அவருக்குப் பிட்சர்னு பேர். ஒருத்தர் மட்டையோட நிப்பார். அந்த மட்டைக்காரருக்குப் பின்னாலே, குத்துக்காலிட்டு உக்காந்து பந்தைப் பிடிக்கிறவர்தான் கேட்சர். நம்ம கிரிக்கெட்டிலே விக்கெட் கீப்பர் மாதிரின்னு வச்சுக்குங்க. ஆனா ஒரு வித்தியாசம். வேகப்பந்து வந்தா விக்கெட் கீப்பர் நல்லாப் பின்னாலே தள்ளி நிப்பார். கேட்சர் தள்ளி நிக்க முடியாது. வீசுற மட்டைக்கு அடியிலேயே உக்காரணும்.

இன்னிக்கு அந்தக் கேட்சருக்குத் தலைக்கவசம், மார்க்கவசம், கால்கவசம், தலையணை மாதிரி கையுறை எல்லாம் இருக்கு. நான் சொல்லப்போறது 1880களிலே. அப்ப முகத்துக்கு ஒரு கம்பி மூடி வந்தே சில வருஷம்தான் ஆச்சு. கையிலே பல நேரம் ஒண்ணுமே கிடையாது. இருந்தா மெல்லிசான தோல் உறை, விரல் நுனியெல்லாம் வெளியிலே தெரியும். பந்து வீசுறவர் 50 அடி தூரத்திலே நிப்பார். அங்கேயிருந்து கல்லு மாதிரி பந்து வரும். அதை வெறுங்கையாலே பிடிக்கணும். அந்தக் காலத்துக் கேட்சர்களோட விரலைப் பாத்தா இஞ்சிக்கிழங்கு மாதிரி கோணிக்கிட்டு இருக்குமாம்.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. அதுதான் நான் சொல்ற கதைக்கு உயிர். அடுத்து எந்த மாதிரிப் பந்து போடணும்னு கேட்சர்தான் விரலாலே சைகை காட்டுவார். சிக்னல்! பிட்சர் அதைப் பாத்துப் பந்து போடுவார். ஒருத்தர் கையை ஒருத்தர் நம்பி நடக்கிற வேலை அது. புருஷன் பெண்டாட்டி மாதிரி. என்ன, வீட்டிலே நாம காட்டுற சிக்னலை யாரும் பாக்கிறதில்லை, அவ்வளவுதான்! (சிரிப்பு)

அப்படி ஒரு கேட்சர். பேரு மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். ஒஹாயோ மாநிலத்திலே பிறந்தவர். கறுப்பினத்தவர். அவங்க அப்பா ஒரு டாக்டர். அம்மா பிரசவம் பாக்கிறவங்க. இவரு ஓபர்லின் கல்லூரியிலே படிச்சார். கறுப்பினப் பிள்ளைகளை 1835லிருந்தே சேத்துக்கிட்ட கல்லூரி அது. அங்கே கல்லூரி டீமிலே ஆடினார். அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே சட்டம் படிக்கப் போனார். அங்கேயும் ஆடினார். படிப்பு, குடும்பம், திறமை மூணும் இருந்தது. எதிரணி கேக்கிற அத்தனையும் சட்டியிலே ரெடி!

1881லே கிளீவ்லாந்து நகரத்து டீம் ஒண்ணுக்கு அவர் கேட்சர். லூயிவில்னு ஒரு ஊருக்கு ஆடப்போறாங்க. எதிர் டீம்காரங்க இவரைப் பாத்ததும், ‘இவர் ஆடினா நாங்க ஆடமாட்டோம்’னுட்டாங்க. சரி, வம்பு வேண்டாம்னு இவரை உக்கார வச்சுட்டு வேற ஒருத்தரைக் கேட்சராப் போட்டாங்க. என்ன ஆச்சு தெரியுமா? முதல் இன்னிங்ஸ் முடியறதுக்குள்ளே அந்த ஆளுக்குக் கை வீங்கிப் போச்சு. ‘என்னாலே முடியாது சாமி’ன்னுட்டார். (சிரிப்பு)

இப்ப பாருங்க வேடிக்கையை! கூட்டம் கத்துது. யாரைக் கூப்பிடுது? வாக்கரைக் கூப்பிடுது! டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு ஆட்டம் பாக்கணும். அவரும் இறங்கி வந்து ரெண்டு பந்து பிடிச்சுக் காட்டினார். உடனே எதிர் டீமிலே ரெண்டு பேர் மைதானத்தை விட்டே வெளியிலே போயிட்டாங்க. கடைசியிலே அவரை மறுபடியும் உக்கார வச்சுட்டு, வேற இடத்திலே நிக்கிற ஒரு ஆட்டக்காரரைக் கேட்சராக்கி ஆட்டத்தை நடத்தினாங்க.

எதிரணி நண்பரே! ‘மைதானத்திலே பந்து பேசும்’னீங்களே. அன்னிக்குப் பந்து என்ன பேசிச்சு? ‘என்னைப் பிடிக்கத் தெரிஞ்சவன் அந்தா பெஞ்சிலே உக்காந்திருக்கான்’னு பேசிச்சு! யார் காதிலே விழுந்தது? (பலத்த கைதட்டல்)

1883லே டொலீடோ நகரத்து டீம் அவரைச் சேத்துக்கிட்டது. அந்த வருஷம் அந்த டீம் லீக்கிலே முதலிடம். அப்ப சிகாகோவிலேருந்து பெரிய டீம் ஒண்ணு காட்சி ஆட்டத்துக்கு வந்தது. அதுக்குத் தலைவர் கேப் ஆன்சன். அந்தக் காலத்துச் சூப்பர் ஸ்டார். அவர் வந்து இறங்கினதும், ‘அந்தக் கறுப்பர் மைதானத்திலே இருந்தா நாங்க ஆடமாட்டோம்’னார்.

இதிலே என்ன தமாஷ்னா, அன்னிக்கு வாக்கருக்குக் கையிலே அடி. அவரை ஆட வைக்கிற எண்ணமே மேனேஜருக்கு இல்லை. மேனேஜர் பேரு சார்லி மார்ட்டன். ஆன்சன் இப்படிச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துருச்சு. ‘அப்படியா சேதி? வாக்கர் இன்னிக்கு ஆடுறார். நீங்க ஆடாமப் போனா வசூல்லே உங்க பங்கு கிடையாது’ன்னுட்டார். வசூல்னதும் கொள்கை இறங்கிருச்சு! (சிரிப்பு) ஆன்சன் முணுமுணுத்துக்கிட்டே ஆடினார். கேட்சர் இடத்திலே நிக்க முடியாததாலே வாக்கரை வேற இடத்திலே நிறுத்தி ஆட வச்சாங்க.

நடுவர் அவர்களே, இதைக் குறிச்சு வச்சுக்குங்க. 1881லேயும் வாக்கர் அதே வாக்கர்தான். 1883லேயும் அதே வாக்கர்தான். ரெண்டு வருஷத்திலே திறமை மாறலை. மாறினது எது? 1881லே ‘உக்காரு’ன்னு சொன்னாங்க. 1883லே ஒரு மேனேஜர் ‘ஆடு’ன்னு சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பேருதான் வாய்ப்பு!

1884லே டொலீடோ டீம் மேஜர் லீக்கிலே சேர்ந்தது. மே மாசம் 1ஆம் தேதி முதல் ஆட்டம். எங்கே? அதே லூயிவில் ஊரிலே! விதியைப் பாருங்க. எந்த ஊரிலே பெஞ்சிலே உக்கார வச்சாங்களோ, அதே ஊரிலே மேஜர் லீக் வீரராப் போய் நிக்கிறார். அவருக்கு முன்னாலே 1879லே ஒருத்தர் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கார்னு பின்னாலே ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க. ஆனா அவர் வெள்ளையராவே வாழ்ந்தவர். ‘நான் கறுப்பன்’னு ஊரறிய நின்னு மேஜர் லீக்கிலே ஆடின முதல் மனிதர் வாக்கர்தான்.

அன்னிக்கு அவர் நல்லா ஆடலை. நான் மறைக்க மாட்டேன். ஒரு ஹிட்டுகூட இல்லை, பிடிக்கிறதிலேயும் தப்புகள். சுத்தி உக்காந்திருக்கிற கூட்டத்துக்கு நீங்க வேண்டாதவர்னா உங்க கை நடுங்காதா? அப்புறம் சமாளிச்சுக்கிட்டார். அந்த வருஷம் 42 ஆட்டம். மட்டை பிடிச்ச 1000 தடவைக்கு 263 ஹிட்டுங்கிற கணக்கு. அந்த லீக்கோட சராசரி 240தான். கை வீங்கி, விரல் உடைஞ்சு உக்காந்திருக்கிற கேட்சர் அடிச்ச கணக்கு இது!

இப்பத்தான் நான் சொன்ன சிக்னல் கதை வருது. டொலீடோவிலே பெரிய பிட்சர் டோனி முல்லேன். அந்த வருஷம் டீம் ஜெயிச்சது மொத்தம் 46 ஆட்டம். அதிலே 36 அவர் கணக்கு. அவ்வளவு பெரிய கை. அந்தக் கையிலேருந்து வர்ற பந்தைப் பிடிக்கிறவர் வாக்கர். வாக்கர் சிக்னல் காட்டுவார். முல்லேன் பாக்கவே மாட்டார். அவர் பாட்டுக்குத் தோணினதைப் போடுவார்.

ஏன்னு ரொம்ப வருஷம் கழிச்சு, 1919லே முல்லேனே ஒரு பத்திரிகையிலே மனசைத் திறந்து சொன்னார். நான் பந்து போட்ட கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர்தான். ஆனா எனக்குக் கறுப்பரைப் பிடிக்காது. அதனாலே அவர் சிக்னலைப் பாக்காமலே போட்டேன் என்பது அவர் சொன்னதோட சாரம். எதிரணிக்கு இதைவிடச் சாட்சி வேணுமா? ‘சிறந்தவர்’னு வாய் சொல்லுது. ‘ஆனா’ன்னு மனசு சொல்லுது. அந்த ‘ஆனா’வைத் தாண்டத் திறமைக்குக் கால் கிடையாதுங்க!

உங்களுக்கு அதோட ஆபத்து புரியணும். வளைஞ்சு மெதுவா வரும்னு எதிர்பாத்து உக்காந்திருக்கிறவர் முகத்துக்கு நேரா வேகப்பந்து வருது. வெறுங்கை. 50 அடி. கண் இமைக்கிற நேரம். விரல் போகலாம், கண்ணே போகலாம்.

நடுவர்: அப்ப அந்த மனுஷன் என்னதான் பண்ணினார்?

ஐயா, சண்டை போடலை. ஒரு நாள் இவர் வளைவுப் பந்துக்குச் சிக்னல் காட்டுறார். அவர் வேகப்பந்தைப் போடுறார். பிடிச்சார். பந்தைக் கையிலே எடுத்துக்கிட்டு நேரே பிட்சர்கிட்டே நடந்து போனார். ‘சிக்னலே இல்லாம வேணும்னா பிடிக்கிறேன். ஆனா நான் ஒண்ணு காட்டி நீங்க ஒண்ணு போட்டா, அப்படிப் பிடிக்க மாட்டேன்’னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் அந்த வருஷம் முழுக்க, என்ன பந்து வருதுன்னே தெரியாம முல்லேன் போட்டதையெல்லாம் பிடிச்சார். இதையும் சொன்னது முல்லேன்தான்! (நீண்ட கைதட்டல்)

கைதட்டுறீங்க. எனக்கும் அதைப் படிச்சப்போ கைதட்டத்தான் தோணிச்சு. ஆனா அப்புறம் யோசிச்சேன். சிக்னல் பாத்துப் போடுற பந்தைப் பிடிக்க ஒருத்தருக்கு ஒரு பங்கு திறமை போதும். இவருக்கு மட்டும் ஏன் பத்துப் பங்கு வேணும்? ‘திறமை இருந்தா ஜெயிக்கலாம்’னு சொல்றோமே, சிலர்கிட்டே மட்டும் பத்து மடங்கு திறமை கேக்கிறோமே, அது நியாயமா? பத்து மடங்கு காட்டியும் அவருக்கு என்ன கிடைச்சதுன்னு கேளுங்க.

அந்த வருஷம் நடுவிலேயே பந்து பட்டு விலா எலும்பு முறிஞ்சது. செப்டம்பர் மாசம் ரிச்மண்ட் ஊரிலேருந்து மேனேஜருக்கு ஒரு கடிதம். ‘வாக்கர் இங்கே சீருடையோட ஆட வந்தா, 75 பேர் தாக்கத் தயாரா இருக்கோம்’னு மிரட்டல். அதே மாசம், காயத்தோட இருந்தவரை டீம் விடுவிச்சிட்டது. அவர் தம்பி வெல்டியும் அந்த வருஷம் சில ஆட்டம் ஆடியிருந்தார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மேஜர் லீக் கதவு அத்தோட மூடினது. மறுபடி அவங்களுக்குத் திறக்கவே இல்லை.

சின்ன லீக்குகளிலே ஆடினார். 1887லே நியூவார்க் டீமிலே வாக்கர் கேட்சர், ஜார்ஜ் ஸ்டோவி பிட்சர். ரெண்டு பேரும் கறுப்பினத்தவர். அந்த வருஷம் ஸ்டோவி 30 ஆட்டத்துக்கு மேலே ஜெயிச்சுக் குடுத்தவர். அவங்க ஊருக்கு மறுபடியும் யார் வந்தது? நம்ம ஆன்சன்! மறுபடியும் அதே பாட்டு. 1887 ஜூலை 14. இந்தத் தடவை அங்கே ஒரு சார்லி மார்ட்டன் இல்லை. வாக்கரும் ஆடலை, ஸ்டோவியும் ஆடலை. ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லைன்னு பத்திரிகையிலே வந்தது. வியாதி அவர் உடம்பிலே இல்லைங்க. அவரைப் பாத்தவன் கண்ணிலே! (கைதட்டல்)

அதே ஜூலை 14. அந்த லீக்கோட நிர்வாகிகள் கூட்டம் போட்டாங்க. இருக்கிறவங்க இருக்கட்டும், இனிமே கறுப்பின வீரர்களோட புது ஒப்பந்தம் வேண்டாம்னு 6க்கு 4 ஓட்டிலே முடிவு. அப்புறம் மேஜர் லீக்கிலே சட்டமே எழுதலை. வாய்வார்த்தையிலேயே பூட்டிட்டாங்க. அதுக்கு அவங்க வச்ச பேரு ‘கனவான்கள் ஒப்பந்தம்’. கனவான்களாம்!

1888லே தம்பி வெல்டி, இன்னொரு லீக்கோட தலைவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். விளையாட்டுப் பத்திரிகையிலேயே வந்தது. ஒருத்தனைத் தள்ளி வைக்கணும்னா அவன்கிட்டே திறமை இல்லை, நடத்தை சரியில்லை, அறிவு இல்லைன்னு சொல்லித் தள்ளுங்க, நிறத்தைச் சொல்லித் தள்ளாதீங்கங்கிறதுதான் அவர் கேட்டது. எதிரணி நண்பர்களே, நல்லாக் கேட்டுக்குங்க. ‘என் திறமையை எடை போடுங்க’ன்னு அவர் கெஞ்சறார். தராசிலே ஏற விட்டாத்தானே எடை! ஏறி நிக்கிறதுக்கே ஒருத்தர் அனுமதி வேணும்னா, உயர்த்துறது எடையா, அனுமதியா?

1889லே சிரக்யூஸ் டீமோட வாக்கரோட ஆட்டம் முடிஞ்சது. அதுக்கப்புறம் அந்த லீக்கிலே ஒரு கறுப்பின வீரர் கால் வைக்க 1946 ஆச்சு.

1891லே சிரக்யூஸ் தெருவிலே சில வெள்ளையர்கள் அவரை வளைச்சுத் தாக்கினாங்க. கைகலப்பிலே இவர் கத்தியாலே குத்த, ஒருத்தர் இறந்துபோனார். கொலை வழக்கு. ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். எல்லாரும் என்ன நினைச்சிருப்பாங்க? ஆனா ஜூரி விசாரிச்சுக் கேட்டது. குற்றவாளி இல்லைன்னு விடுதலை பண்ணிச்சு. நீதிமன்றத்திலே ஒரு வாய்ப்பு, அவர் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு, கிடைச்சதா இல்லையா? கிடைச்சதும் அதே வெள்ளை மனிதர்கள் நியாயம் சொன்னாங்களா இல்லையா? மைதானத்திலே அந்த வாய்ப்பைத்தானே பூட்டி வச்சிருந்தாங்க!

அவர் மகான்னு நான் சொல்லலை. அப்புறம் தபால் துறையிலே வேலை பாத்தப்போ, தபாலிலே வந்ததை எடுத்தார்னு 1898லே தண்டனை. ஒரு வருஷம் சிறை. எதிரணி எழுந்து சொல்றதுக்கு முன்னாலே நானே சொல்லிடறேன். (சிரிப்பு) ஆனா சட்டியிலே இன்னும் என்னென்ன இருந்தது பாருங்க. 1891லேயே பீரங்கிக் குண்டு ஒண்ணுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கார். பின்னாலே காடிஸ்ங்கிற சின்ன ஊரிலே ஒரு அரங்கம் நடத்தினார், நாடகம், சினிமா எல்லாம் போட்டார். சினிமாச் சுருள் முடியப்போகுதுன்னு ஆபரேட்டருக்கு முன்கூட்டியே தெரிவிக்கிற ஏற்பாடுகளுக்கு 1920லே காப்புரிமை வாங்கினார். 60 வயசுக்கு மேலே! மூளை தூங்கவே இல்லைங்க.

ஆனா மனசு? 1908லே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கறுப்பின மக்கள் அமெரிக்காவை விட்டு ஆப்பிரிக்காவுக்கே போயிடறதுதான் வழின்னு எழுதினார். இதை யார் எழுதறார்? வெள்ளைப் பிள்ளைகளோட ஒண்ணா ஒரே கல்லூரியிலே படிச்சவர். வெள்ளையர்களோட ஒரே டீமிலே ஆடினவர். சேர்ந்து வாழ முடியும்னு வாழ்ந்தே காட்டின மனுஷன், ‘முடியாது’ன்னு எழுதறார்னா, அந்த விரல் முறிஞ்சதைவிடப் பெரிசா உள்ளே என்னமோ முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

1924 மே மாசம் காலமானார். பேர் எழுதின கல்கூட இல்லாம அந்தக் கல்லறை 60 வருஷத்துக்கு மேலே கிடந்தது. அப்புறம்தான் அவர் படிச்ச ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்தவங்க தேடிப்போய்க் கல் வச்சாங்க.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் அவர்களே, ரெண்டே நிமிஷம். வாய்ப்புக்காகப் பேசறவனுக்கே வாய்ப்பில்லைன்னா எப்படி? (சிரிப்பு)

எதிரணி இப்ப ஒரு கேள்வி கேக்கும். ‘ஜாக்கி ராபின்சன்னு ஒருத்தர் 1947லே வந்தாரே. அவர் திறமையாலேதானே உடைச்சார்?’ உண்மை. மகத்தான வீரர். ஆனா பிராஞ்ச் ரிக்கின்னு ஒரு நிர்வாகி, ‘என் டீமிலே ஆடு’ன்னு ஒப்பந்தத்திலே கையெழுத்து வாங்கின பிறகுதான் அந்தத் திறமையை உலகம் பாத்தது.

அந்தக் காலத்திலேயே இன்னொரு கேட்சர் இருந்தார். ஜோஷ் கிப்சன். கறுப்பினத்தவர்களுக்குன்னு தனியா இருந்த லீக்குகளிலே ஆடினார். 1947 ஜனவரி 20, 35 வயசிலே இறந்துபோனார். ராபின்சன் மேஜர் லீக்கிலே இறங்கினது எப்போ? 1947 ஏப்ரல் 15. மூணு மாசம்கூட இல்லைங்க! 2024லே மேஜர் லீக் அந்தத் தனி லீக்குகளோட கணக்கையும் தன் கணக்கிலே சேத்துக்கிட்டது. சேத்துப் பாத்தா, வாழ்நாள் சராசரியிலே எல்லாருக்கும் மேலே யார் பேரு? ஜோஷ் கிப்சன்! 1000க்கு 372. இறந்து 77 வருஷம் கழிச்சு! மேஜர் லீக் டீமிலே ஒரு நாள்கூட ஆட விடாதவரோட பேரு, அவங்க பட்டியல்லே முதல்லே நிக்குது. சட்டியிலே இருந்தது அவ்வளவு. அகப்பை வர்றதுக்குள்ளே பந்தியே முடிஞ்சு போச்சு.

ராபின்சனுக்கு அடுத்த வருஷம், 1948லே, ராய் கேம்பனெல்லான்னு ஒரு கறுப்பினக் கேட்சர் அதே டீமுக்கு வந்தார். வாக்கருக்கு அப்புறம் அந்த இடத்திலே உக்காந்த கறுப்பினக் கேட்சர் அவர்தான். நடுவிலே போனது 64 வருஷம். 1951, 1953, 1955னு மூணு தடவை லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கினார். வாக்கர், கிப்சன், கேம்பனெல்லா. மூணு பேருக்கும் அதே குத்துக்கால், அதே பந்து. கதவு திறந்த வருஷத்திலே கையிலே பலம் இருந்தவர் பட்டம் வாங்கினார். மூடியிருந்த வருஷத்திலே இருந்தவங்க?

கடைசியா ஒண்ணு. இதை நான் மேடைக்காகச் சொல்லலை. நான் ஒரு வாத்தியார். ரொம்ப வருஷத்துக்கு முன்னாலே என் வகுப்பிலே கடைசி பெஞ்சிலே ஒரு பையன். நான் கேள்வி கேக்கிறப்பெல்லாம் கை தூக்குவான். நான் முன் பெஞ்சுப் பிள்ளைகளையே கேப்பேன். அவங்க பளிச்சுன்னு சொல்வாங்க, பாடம் வேகமா ஓடும். வருஷக் கடைசியிலேதான் கவனிச்சேன், அவன் கை தூக்கறதையே நிறுத்திட்டான். பரீட்சைத் தாளைத் திருத்தினா, முன் பெஞ்சுக்குத் தெரியாத கணக்கை அவன் போட்டிருக்கான். கூப்பிட்டு, ‘ஏன்டா வகுப்பிலே சொல்லலை?’ன்னேன். ‘நீங்க கேக்கலியே சார்’னான். கோபமே இல்லாமச் சொன்னான். அதுதான் இன்னும் சுடுது.

முல்லேனைப் பத்திப் படிச்சப்போ எனக்கு முதல்லே அவர் மேலே கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பையன் ஞாபகம் வந்தது. அவன் காட்டின சிக்னலை நானும்தானே பாக்கலை? எனக்கு அவன் மேலே வெறுப்பு ஒண்ணும் இல்லைங்க. பாக்கிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனா பந்தைப் பிடிக்கிறவன் கைக்கு ரெண்டும் ஒரே வலிதான். அதுக்கப்புறம் நான் கேள்வி கேட்டா கடைசி பெஞ்சிலேருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

இங்கே உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர் கையிலேயும் ஏதோ ஒரு அகப்பை இருக்கு. வீட்டிலே, அலுவலகத்திலே, வகுப்பிலே, எங்கேயோ ஒரு இடத்திலே. நாளைக்குக் காலையிலே ஒரே ஒரு இலையைப் பாருங்க. வழக்கமா நீங்க தாண்டிப் போற இலை. அங்கே ஒரு கரண்டி ஊத்துங்க. அப்புறம் அவங்க திறமையைப் பத்தி நாம ஒரு பட்டிமன்றம் வைப்போம்.

நடுவர் அவர்களே! திறமையை நான் வணங்குறேன். ஆனா வாக்கர் எல்லாப் பந்தையும் பிடிச்சார். அவருக்கு ஒருத்தர் கைகொடுத்திருந்தா வரலாறே மாறியிருக்கும். ஒருவரை உயர்த்துவது வாய்ப்பே, வாய்ப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)